எந்த ஆப் நல்லது என்று கேட்ட தம்பிக்கு, மொரீஷியஸிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அதிகாலை ஐந்து மணிக்கு எழுவதன் மகிமை பற்றி நீ அனுப்பும் ரீல்ஸ் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்கிறது, அதுவும் சரியாக ஐந்து மணிக்கே. அங்கே ஐந்து என்றால் இங்கே மூன்றரை. இனிமேல் ஏழு மணிக்கு மேல் அனுப்பு, உனக்குப் புண்ணியமாகப் போகும்.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க எந்த ஆப், நேரத்தைப் பிரித்து வைக்க எந்த ஆப், பழக்கவழக்கத்தை டிக் அடிக்க எந்த ஆப் என்று முழ நீளத்துக்குக் கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். இங்கே வந்த புதிதில் ராத்திரி ஆனால் எனக்கு அதுதான் வேலை. எபேனில் ஆபீஸ் முடிந்து, ரோஸ் ஹில்லில் மெட்ரோ மாறி, காத்ர் போர்ன் வந்து இறங்குவதற்குள் பாதிக் கடை ஷட்டரை இறக்கியிருக்கும், இருட்டின பிறகு தெருவில் நாய்கூடக் குரைக்காது. நம்ம மதுரை டவுன் ஹால் ரோட்டில் அந்த நேரத்துக்குத்தான் கூட்டமே சேரும் என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு ஆப்பாக இறக்கிப் பார்ப்பேன். அதில் ஒரு பிளானர், இலவசம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு சத்தமில்லாமல் கார்டில் வருஷச் சந்தாவை எடுத்துவிட்டது, பணத்தைத் திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எனவே நீ எதை இறக்கினாலும் முதலில் கார்டு நம்பர் கேட்கிறதா என்று பார், கேட்டால் மூடிவிடு.

இப்போது என் கணக்கு ஒன்றுதான். ஆப் எனக்குச் செய்கிற வேலையைவிட நான் ஆப்புக்குச் செய்கிற வேலை கூடினால் அதைத் தூக்கிவிடுவேன். கலர் கலராகக் கட்டம் போட்டு, தண்ணீர் குடித்ததற்கு ஒரு டிக், நடந்ததற்கு ஒரு டிக் என்று வைப்பதெல்லாம் அப்படித்தான் போயின. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிற அந்தச் சவாலையும் விட்டுவிடு. லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜ்காரர்கள் 96 பேரை வைத்துப் பார்த்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகியிருக்கிறது, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிற கதை இன்னும் வேடிக்கை, 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு கம்பெனி தன் நடைமானிக்கு வைத்த விளம்பரப் பெயரிலிருந்து கிளம்பியது அது. நீ அடி எண்ணிக்கொண்டு மொட்டைமாடியில் சுற்றுவதாக அம்மா சொன்னார், சுற்று, நல்லதுதான், ஆனால் 9,800-இல் நின்றதற்காகப் பதினோரு மணிக்கு மறுபடி மாடி ஏறாதே.

எல்லாம் போய் என்னிடம் மிஞ்சியது ஆன்கி என்கிற மனப்பாட அட்டை ஆப். பார்க்க ஒரு அழகும் கிடையாது, பழங்காலத்துச் சாப்ட்வேர் மாதிரி இருக்கும், 2006-இல் வந்ததுதான். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில், அதுதான் அட்டை. பதிலைத் திருப்பிப் பார்த்த பிறகு, சட்டென்று நினைவு வந்ததா, இழுத்துப் பிடித்து வந்ததா, வரவே இல்லையா என்று நீயே ஒரு பட்டனை அமுக்க வேண்டும். வந்த அட்டை சில நாள் தள்ளிப் போகும், அப்போதும் வந்தால் சில வாரம், அப்புறம் மாதக்கணக்கில். மறந்த அட்டை மட்டும் வட்டிக்காரர் மாதிரி மறுபடி வாசலில் வந்து நிற்கும். படித்தது முதலில் மளமளவென்றும் பிறகு மெதுவாகவும் மறக்கிறது என்பதை எபிங்ஹாஸ் என்கிற ஜெர்மன்காரர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே உட்கார்ந்து மனப்பாடம் செய்து பார்த்து, 1885-லேயே எழுதிவிட்டார். மறக்கப்போகிற நேரமாகப் பார்த்துத் தட்டி எழுப்புவதுதான் இந்த ஆப்பின் மொத்தச் சூட்சுமமும். உன் ஆண்ட்ராய்டு போனுக்கு இதையே ஆன்கிட்ராய்டு என்ற பெயரில் இறக்கலாம், இலவசம், கம்ப்யூட்டரிலும் இலவசம், ஐபோனில்தான் காசு.

ஒரு அட்டைக்கு ஒரே கேள்வி வை. ‘சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய நாள்?’ என்று ஒரு பக்கம், ‘14 ஜனவரி 1969’ என்று மறுபக்கம். கைடில் இருக்கும் பத்தியை அப்படியே ஒட்டி வைத்தால் உனக்கே படிக்கச் சோம்பலாக இருக்கும், பாதி தெரிந்ததற்கு எந்தப் பட்டனை அமுக்குவது என்றும் குழப்பம் வரும். நெட்டில் யாரோ செய்து வைத்த ஐயாயிரம் அட்டையையும் இறக்காதே. அட்டை எழுதும்போதே பாதிப் படிப்பு முடிந்துவிடுகிறது. அப்புறம் அந்த 25 நிமிஷம் படித்து 5 நிமிஷம் ஓய்வு எடுக்கும் முறைக்குத் தனி ஆப் எதற்கு, இத்தாலிக்காரர் ஒருவர் சமையலறைத் தக்காளிக் கடிகாரத்தை முறுக்கி வைத்து ஆரம்பித்தது அது. உன் போன் டைமரே போதும், போனை மட்டும் வேறு ரூமில் வை.

எனக்கு ஆன்கி பரீட்சைக்கு இல்லை, பிரெஞ்சிலிருந்து கிளைத்த இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலுக்கு. ஆபீசில் எழுதுவது இங்கிலீஷில், மீட்டிங்கில் பாதி பிரெஞ்சு, சிரிப்பு வருகிற பேச்செல்லாம் கிரியோலில். கூகுள் டிரான்ஸ்லேட்டில் 2024-இல் மொரீஷியஸ் கிரியோலையும் சேர்த்துவிட்டார்கள், அவசரத்துக்கு உதவும், ஆனால் தால் பூரிக்காரர் முன்னால் போனை நீட்டிக்கொண்டு நின்றால் பின்னால் வரிசை முறைக்கும். அதனால் கீழ்வீட்டுத் தாந்தினிடம் (இங்கே அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுப் பெரியம்மா எல்லோரும் தாந்தின்தான்) வார்த்தை வார்த்தையாகச் சொல்லச் சொல்லி, அவர் குரலையே பதிந்து அட்டை செய்தேன்.

தாந்தின் குடும்பம் எத்தனையோ தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். பேச்செல்லாம் கிரியோல். தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பார், வாழையிலையில் ஏழு கறி வைப்பார், பதிகங்களை ரோமன் எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துக் கணீரென்று பாடுவார், தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. என் போனில் தன் குரல் கேட்டதும், எனக்கும் இதுபோல் எழுத்து சொல்லிக்கொடு என்றார். இப்போது என் குரலில் அவருக்கு அட்டை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, ‘ழ’ வந்தால் உடனே ‘அய்யோ’ என்று சொல்லிவிட்டு ‘மறுபடி’ பட்டனை அமுக்குவார். போன மாதம் காய்கறிக் கடையில் நூறு ரூபாய் நோட்டைக் கொடுக்கப் போனவர் கையை இழுத்துக்கொண்டார். இங்கே நோட்டில் தமிழ் உண்டு, நூறு ரூபாயில் படமே ரெங்கநாதன் சீனிவாசன் என்கிற தமிழ்ப் பின்னணி அரசியல் தலைவருடையது. ‘நூ… று’ என்று விரலை வைத்து வாசித்து முடித்த பிறகுதான் கடைக்காரருக்குப் பணம் போனது. 1998-இல் புது நோட்டு அடித்தபோது தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள் என்று இங்குள்ள தமிழர்கள் போராடி, அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அடித்தது. தாந்தினும் அந்தக் கூட்டத்தில் போனாராம், அன்றைக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துக்காக.

நோட்டு என்றதும் நினைவு வந்தது, அப்பா வருவதாக இருந்தால் தைரியம் சொல், 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ இங்கேயும் உண்டு. எல்லாக் கடையிலும் எதிர்பார்க்க வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் ஜூஸ் என்கிற பேங்க் ஆப்பில்தான் அனுப்பிக்கொள்வார்கள்.

சனி, ஞாயிறு என்ன செய்கிறாய் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆபீஸ் கூட்டத்தோடு மலை ஏறுகிறேன் என்று சொன்னால் பயப்படுவார், நீயே பக்குவமாகச் சொல். லெ பூஸ் 812 மீட்டர்தான். மோக்கா பக்கம் கரும்புக்காட்டு வழியாக நடந்து, மரநிழலுக்குள் போய், கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் கையையும் ஊன்றி ஏற வேண்டும். உச்சியில் ஒரு பக்கம் போர்ட் லூயி துறைமுகம், இன்னொரு பக்கம் தலைமேல் ஒற்றைப் பாறையைத் தூக்கிக்கொண்டு பீட்டர் போத் மலை. சிக்னலை நம்பாமல் ஆர்கானிக் மேப்ஸ் என்கிற மேப் ஆப்பில் தீவு முழுவதையும் முதல் நாளே இறக்கி வைத்துவிடுவேன், நெட் இல்லாமலேயே ஒற்றையடிப் பாதைகூடத் தெரியும், அழகர்மலைப் பக்கம் நீங்கள் போகும்போதும் போட்டுப் பார். குளிர் ஆரம்பிக்கும் மாதங்களில் காட்டோரம் சின்னச் சின்னதாகச் சிவப்புக் கொய்யா பழுத்துத் தொங்கும், உப்பும் மிளகாயும் பொட்டலம் கட்டிக்கொண்டுதான் எல்லோரும் கிளம்புகிறார்கள். மலை இல்லாத வாரம் கடற்கரை. சவுக்குத் தோப்பு நிழலில் குடும்பம் குடும்பமாக பிரியாணி அண்டாவை இறக்கி வைத்துவிட்டு, மதியத்துக்கு மேல் ரவான் பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றி இந்த ஊர் சேகா ஆட்டத்தை ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் போனைத் தேட யாருக்கும் தோன்றாது.

அம்மாவுக்கு ஒரு வேலை செய்து கொடு. டைப் அடிக்க வரவில்லை என்று மூன்று எழுத்தில் பதில் போடுகிறார். போனில் ஜிபோர்டு கீபோர்டில் தமிழைச் சேர்த்து, மைக் படத்தை அமுக்கிப் பேசினால் எழுத்தாக விழும் என்று காட்டிவிடு. முதல் நாள் நீயும் பக்கத்தில் உட்கார், இல்லாவிட்டால் ஒரு தப்பு விழுந்ததும் போனை வைத்துவிடுவார்.

தமிழ்நாடு வரலாற்றுக்கு நான் செய்த கொஞ்சம் அட்டைகளை மெயிலில் போட்டிருக்கிறேன். மாதிரிக்குத்தான், அதை வைத்தே ஓட்டிவிடலாம் என்று நினைக்காதே. பரீட்சைக் கட்டணம் கட்டிவிட்டாயா இல்லையா என்பதை மட்டும் இன்றைக்கே சொல், கடைசி நாளில் சைட் திறக்கவில்லை என்று போன வருஷம் மாதிரி எனக்குப் போன் அடிக்காதே.

அன்புடன்,
அக்கா