‘எக்ஸ்ப்ளோரர்’ படத்தைத் துடைத்துவிடாதீர்கள்: தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

கழகத்தின் பொறுப்பில் உள்ள பெரியோர்களுக்கு,

வணக்கம். அரசின் ஆவணப்படத் துறையான பிலிம்ஸ் டிவிஷனுக்காகப் பிரமோத் பதி 1968-இல் இயக்கிய ‘எக்ஸ்ப்ளோரர்’ என்னும் கறுப்பு வெள்ளைக் குறும்படத்தின் பாதுகாப்புக் குறித்து இதை எழுதுகிறேன். பிலிம்ஸ் டிவிஷனும் புனே திரைப்பட ஆவணக் காப்பகமும் உங்களோடு இணைக்கப்பட்டுவிட்டதால், அப்படத்தின் கதி இன்று உங்கள் கையில்தான் இருக்கிறது.

அணைக்கட்டுகளையும் ஐந்தாண்டுத் திட்டங்களையும் மக்களுக்கு எடுத்துச்சொல்லும் ஓர் அரசுத் துறைக்குள் இருந்துகொண்டே, செக்கோஸ்லோவாக்கியாவில் பொம்மலாட்ட அனிமேஷன் பயின்று வந்த ஒருவர், ஆடும் இளைஞர்களையும் ஆய்வுக்கூடக் கருவிகளையும் சமயச் சின்னங்களையும் மின்னல் வேகத்தில் மோதவிட்டு இப்படியொரு படத்தை எடுத்தார் என்பது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.

என் கவலை அந்த வேகத்தைப் பற்றியதுதான். நொடிக்கு 24 பிரேம்கள் ஓடும் சுருளில், பதியின் படிமங்கள் சில கண்ணில் பட்டதும் மறைந்துவிடுகின்றன. தூசியையும் கீறலையும் நீக்கும் மென்பொருளோ, ஒவ்வொரு பிரேமையும் அதன் முன்பின் பிரேம்களோடு ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் தென்படுவதைப் பழுது என்று கொண்டு அழிக்கக்கூடியது. கதைப்படத்துக்கு நன்மை செய்யும் இதே வேலை, இங்கே இயக்குநரின் படத்தொகுப்பையே அழித்துவிடும். ஒளிச் சிமிட்டலைச் சமன்செய்வதும் ஒலியின் இரைச்சலைக் குறைப்பதும் அப்படித்தான். ஆகவே மூல நெகட்டிவிலிருந்து எடுக்கும் ஸ்கேனை எந்தத் திருத்தமும் இன்றி அப்படியே ஒரு பிரதியாக வைத்துக்கொண்டு, அதன் பிறகான சீரமைப்பைப் படத்தொகுப்பு அறிந்தவர் பிரேம் பிரேமாகப் பார்த்துச் செய்யுமாறும், எதை மாற்றினார் என்பதை எழுதிவைக்குமாறும் வேண்டுகிறேன்.

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது என்று சுருளைக் கைவிடவும் கூடாது. அக்காலத்து அசிடேட் என்னும் நெகிழிச் சுருள் கெடத் தொடங்கினால் வினிகர் வாடை வீசும். அந்த வாடைக்குக் காரணமான அமிலமே சுருள் கெடுவதை மேலும் விரைவுபடுத்தும். அந்த அமிலத்தைக் கண்டறிய டப்பாவுக்குள் வைக்கும் நீலச் சோதனைத் தாள் பச்சையாகி மஞ்சளை நெருங்குவதற்குள், குளிர்ந்த, ஈரப்பதம் குறைந்த அறைக்கு அதைக் கொண்டுசென்றாக வேண்டும்.

ஓவியர் அக்பர் பதம்சீ 1969-இல் எடுத்த ‘ஈவென்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்’ படத்துக்கு இருந்தது ஒரே பிரதி. அது தொலைந்ததோடு படமும் போயிற்று. பதியின் குறும்படங்களுக்கு என்னென்ன நெகட்டிவ்களும் பிரதிகளும் எஞ்சியுள்ளன, அவை எந்த நிலையில் இருக்கின்றன என்னும் பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குறும்பட ஆர்வலர் ஒருவர்