பன்றியைத் தூக்கி வந்த கதை

சுங்கை சிப்புட், மலேசியா,
ஞாயிறு காலை.

அன்புக் கூட்டாளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கனடாவில், கல்கரியில் பக்கத்து வீட்டுக்காரரோடு மலையேறி, அவர் சுட்ட எல்க் மானை இரண்டு நாள் முதுகில் சுமந்து இறக்கியதாக எழுதியிருந்தாய். அறுபத்திரண்டு வயதில் உனக்கு இதெல்லாம் தேவையா என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். நான் கேட்க மாட்டேன். எனக்குப் பொறாமைதான்.

300 கிலோவுக்கு மேல் நிற்கும் மிருகம். எலும்பு கழித்தும் நூறு கிலோவை ஒட்டிக் கறி. ஆளுக்கு இரண்டு நடை என்றால் உன் முட்டி இன்னும் இருக்கிறதா? வயிற்றைக் கிழிக்காமலே தோலை உரித்து, நாலு காலையும் முதுகுக்கறியையும் மட்டும் கழற்றி எடுக்கும் முறையை நீ விவரித்திருந்ததை இரண்டு தடவை படித்தேன். அலாஸ்காவில் கறியை எல்லாம் இறக்காமல் கொம்பை முதலில் எடுத்து வரக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே, அது பிடித்திருந்தது. நம் தோட்டத்துத் துரைமார் காலத்திலும் அப்படி ஒன்று இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பங்களாச் சுவரில் கொம்பு மட்டும் தொங்கும். கறி எந்தப் பள்ளத்தில் அழுகியதோ.

உன் கடிதத்தைப் படித்ததும் 1983-தான் ஞாபகம் வந்தது. மறந்திருக்க மாட்டாய். கன்றுச் செம்பனையின் குருத்தைப் பன்றிகள் தோண்டித் தின்று தீர்க்கின்றன என்று கங்காணி வேலை பார்த்த நம் மண்டோர் மாமா ஒற்றைக் குழல் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நாம் இரண்டு பேரும் வால் பிடித்தோம். காலை ஒன்பது மணிக்கு ஒரே வெடி. அடிபட்ட கடுவன் நின்ற இடத்திலேயே விழுந்திருந்தால் கதையே இல்லை. அது தோட்டத்து எல்லையைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, அந்தப் பிரம்புப் பள்ளத்தில் போய்ச் செத்தது. எண்பது கிலோவாவது இருக்கும். மாமா பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார், பிறகு நம்மைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் அப்போது நமக்குப் புரியவில்லை.

பின்னங்காலைப் பிடித்து இழுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பத்தடி போவதற்குள் மூச்சு முட்டியது. பக்கத்து லாசா ஊரிலிருந்து மாமாவோடு வந்திருந்த, தெமியார் பழங்குடிப் பெரியவர் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்து வந்து கயிற்றை முன்னங்காலோடும் மூக்கோடும் கட்டி, தலைப்பக்கமாக இழுத்தார். வழுக்கிக்கொண்டு வந்தது. மயிர் படிந்திருக்கும் திசையில் இழுத்தால் மண் பிடிக்காது. எதிர்த் திசையில் இழுத்தால் ஒவ்வொரு மயிரும் ஒரு கொக்கி. அவ்வளவுதான் விஷயம்.

மேட்டில் இழுக்க முடியாது என்றதும் கழியில் கட்டித் தூக்கினோம். நாலு காலையும் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்று நினைத்தது நம் இரண்டாவது முட்டாள்தனம். நாம் கால் மாற்றாமல் ஒன்றாக நடக்க நடக்க, அது ஊஞ்சல் ஆடி நம்மை இரண்டு பக்கமும் தள்ளியது. பெரியவர்தான் கழுத்தையும் வயிற்றையும் கழியோடு இறுக்கிக் கட்டச் சொல்லி, ஆளுக்கொரு நடை நடக்க வைத்தார். ஆட்டம் நின்றது. ஆனால் பன்றி குளிரத் தொடங்கியதும் உண்ணிகள் வேறு வீடு தேடிக் கிளம்பின. என் சட்டைக் காலரில் வரிசையாக ஏறியதை நீ பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கடைசியில் நாலாக வெட்டித்தான் கொண்டு வந்தோம். அதைக் கீழேயே செய்திருக்கலாம். அதுகூடப் போகட்டும். கறியைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் திணித்து இறுக்கிக் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் போட்டு, நேராக வீட்டுக்குப் போகாமல் கோப்பிக்கடையில் ஒரு மணி நேரம் வீரம் பேசினோம் பார், அதுதான் கொடுமை. உயிரோடு இருக்கும்போது பன்றியின் உடம்பு 39 டிகிரி. நம் ஊர் மத்தியான வெயில் 33. நடுவில் ஒரு விரல் தடிமன் கொழுப்பு, மேலே காற்று புகாத பை. சூடு எங்கே போகும்? அம்மா பையை அவிழ்த்தபோது மேல்கறி நன்றாகத்தான் இருந்தது. தொடையில் கத்தியை விட்டு எலும்பு மூட்டைத் திறந்ததும்தான் அந்தப் புளித்த வாடை அடித்தது. கெடுவது எப்போதும் அங்கிருந்துதான், இடுப்பு மூட்டில், எலும்பை ஒட்டி. இரண்டு தொடையும் வாழைக்கு உரமானது. மண்டோர் மாமா ஒரு வாரம் நம்மோடு பேசவில்லை.

இப்போது ஊர்ச் செய்தி. பன்றி முன்போல் இல்லை. 2021-ல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் முதலில் சபா மாநிலத்திலும் பிறகு கடலுக்கு இந்தப் பக்கத்திலும் வந்தது. மனுசனுக்கு ஒட்டாது, ஆனால் ரத்தத்திலும் கறியிலும் அந்தக் கிருமி நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் குடலை ஓடையோரம் வீசிவிட்டு வருவதெல்லாம் இப்போது கூடாது, ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். மானைப் பற்றிப் பேசவே வேண்டாம், 2009-லிருந்து தடை. பன்றிக்கும் 2010 சட்டப்படி வனவிலங்கு இலாகாவில் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். நான் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து ஆறு வருசமாகிறது.

போன மாதம் சாயங்காலம் ஆறரைக்கு என் தங்கை மகன் போன் செய்தான். லைசென்ஸ் எல்லாம் முறையாக எடுத்துப் போன பையன்கள். "மாமா, பன்னி பள்ளத்துல விழுந்துருச்சு, மழை வர்ற மாதிரி இருக்கு, நாளைக்குக் காலையில வந்து தூக்கிக்கலாமா?" என்றான். எனக்கு அந்தப் புளித்த வாடை நாற்பது வருசம் தாண்டி மூக்கில் ஏறியது. யாரும் இழுக்க வேண்டாம், அங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு டார்ச்சையும் பாராங் வெட்டுக்கத்தியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

நீ எழுதியதை அப்படியே செய்து பார்த்தேன். வயிற்றைத் தொடவில்லை. ஒரு பக்கமாகப் படுக்க வைத்து, முதுகிலிருந்து தோலைக் கீழே உரித்து, முன்னங்காலைக் கழற்றினோம். முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்தில் மூட்டே கிடையாது, தெரியுமா? சதையை அறுத்தால் கையோடு வந்துவிடுகிறது. இத்தனை வருசம் அங்கே பாராங்கால் கொத்திக்கொண்டிருந்திருக்கிறோம். பின்தொடையை மட்டும் இடுப்புக் குழியைத் தேடித் திருப்ப வேண்டியிருந்தது. பையன்கள் கையில் எலும்பு கழித்த கறியைக் கொடுத்தபோது அதிலிருந்து ஆவி பறந்தது. டார்ச் வெளிச்சத்தில், தூறலில், அது அடுப்பிலிருந்து இறக்கிய சோறு மாதிரி இருந்தது. முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. மிச்சத்தை அங்கேயே இடுப்பளவு குழியில் புதைத்தோம். அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

சுமப்பதில்தான் சண்டை. ஒருத்தன் பாரத்தை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, மேட்டில் ஏறும்போது பின்னால் சாய்ந்து சாய்ந்து விழுந்தான். பிடரிக்குக் கீழே, முதுகெலும்போடு ஒட்டிக் கட்டிவிட்டேன். அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. தெமியார்க்காரர்கள் முதுகில் மாட்டும் பிரம்புக்கூடை அப்படித்தானே உட்காரும். எனக்குக் கொடுத்த வேலை டார்ச் பிடிப்பது. அதையும் இரண்டு தடவை நின்று நின்றுதான் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மிளகு அரைத்துப் பிரட்டல். மூட்டில் மூக்கை வைத்துப் பார்த்தேன்; சுத்தம். மண்டோர் மாமா இருந்திருந்தால் ஒரு வாய் கொடுத்திருப்பேன்.

நீ டிசம்பரில் வருவதாகச் சொன்னாயே. வந்தால் அங்கே கறி கட்டும் பருத்திப் பை நாலு வாங்கி வா. ஈ அண்டாது, காற்றும் போகும் என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு அவசரத்தில் பிளாஸ்டிக் வேண்டாம் என்று பையன்களிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, வேனில் கிடந்த என் எட்டு முழ வேட்டியைத்தான் நாலாகக் கிழித்தேன். போன தீபாவளிக்கு எடுத்தது. துணி கச்சிதமாக வேலை செய்தது. வீட்டுக்காரிக்கு இன்னும் தெரியாது. தோபியிடம் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் பழைய கூட்டாளி