மூட்டைக்கு மணல் எங்கிருந்து?

ஆசிரியருக்கு,

கொள்ளிடக் கரையில் வெள்ளம் வடிந்த பிறகுதான் எங்களுக்குப் பயமே தொடங்குகிறது. ஊறிய கரை, தண்ணீர் இறங்கியதும் பிடிமானமின்றிப் பாளம் பாளமாகச் சரிகிறது. பக்கத்து வீட்டுத் தென்னையின் வேர்கள் இப்போது அந்தரத்தில் தொங்குகின்றன. படுகை நிலத்துக்குப் பட்டா கிடையாது. ஆகவே அவருக்கு இழப்பீடும் கிடையாதாம்.

2018 ஆகஸ்டில், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அதே மாதம் திருச்சியில் கொள்ளிடத்தின் மீதிருந்த பழைய இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. மணலை அள்ளி ஆற்றின் தரையைத் தாழ்த்திவிட்டால், கரையின் அடிக்கால் அரிபடாமல் என்ன செய்யும்? ஆண்டுதோறும் மணல் மூட்டை அடுக்குகிறார்கள். அந்த மணலையும் இதே கரையோரத்தில்தான் அள்ளுகிறார்கள்! அடிக்காலில் கருங்கல் பதித்து, சரிவில் வெட்டிவேரும் நாணலும் நடட்டும். அதையும் ஆடிப்பெருக்குக்கு முன்பே செய்யட்டும்.

ஒரு வாசகர்,
ஆனைக்காரன்சத்திரம்.