புதிது போட்டதாகப் பில், உள்ளே பழைய சாமான்: வில்லிஸ் ஜீப் ஸ்டியரிங் வேலை பற்றிய புகார்

உப்புவெளி,
திருகோணமலை.

முகாமையாளர் அவர்களுக்கு,
பழைய வாகனப் புதுப்பிப்புப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

என்னிடம் இருப்பது 1944ஆம் ஆண்டு வில்லிஸ் எம்பி ஜீப். அப்பா வைத்திருந்தது. ஸ்டியரிங் வீலைக் கால் சுற்றுத் திருப்பினாலும் முன் சில்லு அசையாது என்ற நிலை வந்ததால்தான் உங்களிடம் வந்தேன். ஸ்டியரிங் பொக்ஸ், பெல் கிராங்க், டிராக் லிங்க், டை ரொட் இரண்டு என எல்லாவற்றையும் கழற்றி லொறியில் அனுப்பினேன். ஆறு கிழமை கழித்துப் பச்சைப் பெயின்ட் அடித்து, பார்க்க லட்சணமாக வந்து சேர்ந்தன. பில் 185,000 ரூபா. புதிய கேம், புதிய லீவர் ஷாஃப்ட், புஷ், பெயரிங், பெல் கிராங்குக்குப் புதிய பின் (அச்சாணி) என்று அதில் ஐந்து வரி எழுதியிருக்கிறீர்கள்.

அனுராதபுரச் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் பாஸ்தான் பூட்டித் தந்தார். முதல் நாள் நிலாவெளி வீதியில் நேராக ஓடிப் பார்த்தேன். பழைய ஆட்டம் இல்லை. சந்தோஷத்தில் உங்களுக்குப் போன் எடுத்து நன்றியும் சொன்னேன். அந்த நன்றியை இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் கோட்டை வாசலடியில் மான் ஒன்று குறுக்கே வந்தது. எங்கள் ஊரில் இது புதினமில்லை, மாடும் மானும் வீதியைத் தங்கள் முற்றம் போலத்தான் பாவிக்கும். இடப்பக்கம் வெட்டினேன். மான் போய்விட்டது, வீல் திரும்பி வரவில்லை. வெட்டிய இடத்திலேயே இறுகி நின்றது. இரண்டு கையாலும் இழுத்து நேராக்குவதற்குள் ஜீப் நடைபாதைக் கல்லில் ஏறிவிட்டது. மெதுவாகப் போனதால் ஒன்றும் ஆகவில்லை. உவர்மலை இறக்கத்தில் இப்படி நடந்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

போன் எடுத்தபோது உங்கள் ஆள் இரண்டு பதில் சொன்னார். பூட்டியதில் பிழை என்பது ஒன்று. பழைய ஆமி வாகனம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது மற்றது.

இரண்டாவது பதிலுக்கு நான் கோபப்படவில்லை, வெட்கப்பட்டேன். இந்த ஜீப்பில் இருப்பது ரொஸ் கேம்-லீவர் ஸ்டியரிங். வீலோடு சுற்றும் கேமில் பள்ளம் வெட்டியிருக்கும், அதில் ஓடும் ஊசிகள் லீவரைத் திருப்பும். அதன் விகிதம் (லீவர் ஒரு பங்கு திரும்ப வீல் எத்தனை பங்கு திரும்ப வேண்டும் என்பது) 14-12-14, அதாவது நடுவில் 12, இரண்டு ஓரத்திலும் 14. முழுதாக வளைக்கும்போது கைக்குப் பாரம் குறைய வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார்கள். ஓரத்தில் இறுகுகிறது என்றால் அது வயதின் குணமல்ல, வேலையின் குறை.

முதலாவது பதிலுக்காக, பாஸ் டிராக் லிங்க் என்ற தண்டை, பொக்ஸுக்கு வெளியே லீவர் ஷாஃப்டில் பூட்டியிருக்கும் பிட்மன் ஆம் என்ற கையிலிருந்து கழற்றிவிட்டார். இப்போது ஸ்டியரிங் வீலுக்கும் முன் சில்லுக்கும் தொடுப்பே இல்லை. கிங் பின், டயர், டை ரொட் எதன் மேலும் பழி போட முடியாது. வீலை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தோம். நல்ல பொக்ஸ் என்றால் நடுவில்தான் மெல்லிய இறுக்கம் தெரியும், இரு பக்கமும் இலகுவாகப் போகும். உங்கள் பொக்ஸ் நேர்மாறு. நடுவில் வழுவழுவென்று போனது, அரைச் சுற்றைத் தாண்டியதும் கல்.

இதன் காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. எந்த வாகனமும் அதிக நேரம் நேராகத்தான் ஓடும். அதனால் கேமின் நடுப்பள்ளம்தான் முதலில் தேயும். ஓரங்கள் தேய்வதில்லை. தேய்ந்த கேமை மாற்றாமல், பக்க மூடியிலுள்ள திருகாணியை இறுக்கி லீவரை உள்ளே தள்ளினால் நடு ஆட்டம் மறையும். தேயாத ஓரத்துக்குப் போனதும் லீவரின் இரண்டு ஊசிகளும் பள்ளத்தில் சிக்கும். புதிய கேம் போட்ட பொக்ஸில் இது நடக்காது.

சரி, சந்தேகம் எதற்கு என்று அயல் கராஜ்காரர் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு மூடியைத் திறந்தோம். கேமின் நடுவில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். லீவர் ஊசிகள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. பிட்மன் ஆம் கையைக் கழற்றி எடுத்ததும் பாஸ் சிரிக்கத் தொடங்கிவிட்டார். கழற்றி அனுப்பும் முன் அவர் அடையாளத்துக்காக லீவர் ஷாஃப்டின் நுனியில் பஞ்ச் உளியால் இரண்டு புள்ளி அடித்திருந்தார். “புதிய” ஷாஃப்டில் அதே இரண்டு புள்ளிகள் உங்கள் பெயின்ட்டுக்கு அடியில் அப்படியே இருக்கின்றன.

பெல் கிராங்கின் கதையும் இதுதான். அச்சாணியைச் சுற்றி ஊசி பெயரிங் வெட்டிய கோடுகள் நகத்தில் தட்டுப்படுகின்றன. இந்த ஜீப்பில் பிட்மன் ஆமின் அசைவு டை ரொட்களுக்குப் போவது பெல் கிராங்க் வழியாகத்தான். அதன் அச்சாணி ஆடினால் பொக்ஸ் எவ்வளவு நன்றாக இருந்தும் முன் சில்லு தன் பாட்டுக்கு அலையும். டோ-இன்னை, அதாவது முன் சில்லுகள் முன்புறத்தில் உள்நோக்கி நிற்கும் அளவை, 3/64 அங்குலம் முதல் 3/32 அங்குலத்துக்குள் வைக்கச் சொல்கிறது மனுவல். அச்சாணி ஆடுகிறபோது அதை எங்கே வைத்து அளப்பது?

இன்னொன்று, பொக்ஸுக்குள் கியர் ஒயில் இருக்க வேண்டிய இடத்தில் கிறீஸை அடைத்திருக்கிறீர்கள். பழைய சீலில் ஒயில் ஒழுகும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

டை ரொட் முனைகளை மட்டும் உண்மையாகவே மாற்றியிருக்கிறீர்கள். நன்றாக இருக்கின்றன. அதற்கான பணத்தை நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். புதிய கேம், ஊசிகளோடு லீவர் ஷாஃப்ட், புஷ், பெயரிங், சீல், பெல் கிராங்க் அச்சாணி ஆகியவற்றை உங்கள் செலவில் அனுப்புங்கள். பூட்டும் கூலியை பாஸுக்குக் கொடுங்கள். அல்லது அந்த ஐந்து வரிக்குரிய பணத்தையும் லொறிக் கூலியையும் திருப்பித் தாருங்கள். இந்தக் கடிதம் கிடைத்து 14 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், போனில் வேண்டாம்.

சாமான் என் கைக்கு வந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட இடமிருக்கிறது. பதில் வராவிட்டால் இத்துடன் இணைத்துள்ள படங்களும் பில்லின் பிரதியும் அங்கே போகும்.

பொக்ஸைத் திறந்தபடியே பாஸின் மேசையில் துணி மூடி வைத்திருக்கிறோம். ஆள் அனுப்பிப் பார்ப்பதென்றால் ஞாயிறு தவிர எந்த நாளும் வரலாம். அந்த இரண்டு புள்ளிகளை நாங்கள் துடைக்கவில்லை.

இப்படிக்கு,
ஜீப்பின் சொந்தக்காரன்

இணைப்பு: பில்லின் பிரதி, படங்கள் ஏழு