ஆறு செமஸ்டருக்கு ஆறு முறை சான்றிதழ் கேட்காதீர்கள்: உயர்கல்வித் துறைச் செயலாளருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு மாணவன் (முழுப் பார்வையின்மை), அரசு உதவி பெறும் கல்லூரி, தென் மாவட்டம். பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

பொருள்: கல்லூரி மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வேண்டிய வசதிகளைச் சேர்க்கையின்போதே, படிப்பு முடியும்வரை செல்லும் ஒரே உத்தரவாக எழுதித் தர வேண்டுதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இந்த மனுவை நானேதான் தட்டச்சு செய்கிறேன், என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் ஒவ்வொரு எழுத்தாகக் காதில் சொல்லிக்கொண்டே வருகிறது. எங்காவது றகரமும் ரகரமும் மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டையும் அது எனக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் சொல்கிறது.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். இளங்கலையில் ஆறு செமஸ்டர், இப்போது முதுகலையில் மூன்றாவது. இதுவரை முடிந்த எட்டு முறையும் தேர்வுக்கு முன்னால் மருத்துவச் சான்றிதழ் நகல், அடையாள அட்டை நகல், ஸ்கிரைப் (நான் சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தருபவர்) வேண்டும் என்று ஒரு விண்ணப்பம், அதற்கு ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) கையெழுத்து, பிறகு முதல்வர் கையெழுத்து, கடைசியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் முத்திரை என்று அலைந்திருக்கிறேன். நிரந்தரக் குறைபாடு என்று சான்றிதழிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எனக்குப் பார்வை வந்துவிட்டதா என்று சரிபார்க்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "தம்பி, பரீட்சை வந்துடுச்சா?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

இளங்கலை மூன்றாவது செமஸ்டரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காலை பத்து மணிக்குத் தேர்வு. எனக்கு எழுத வந்த தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டு அப்போதுதான் வேறொரு கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருந்தாள். அறைக் கண்காணிப்பாளர், "இவளும் டிகிரிதானே படிக்கிறாள், அனுமதிக்க முடியாது" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. விதி என்ன என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அலுவலகத்துக்கும் அறைக்கும் இரண்டு முறை நடந்து, பத்து முப்பத்தைந்துக்குத்தான் கேள்வித்தாள் கைக்கு வந்தது. அதற்கப்புறம் நாற்பது பேர் எழுதும் அதே அறையில் எங்களையும் உட்கார வைத்து, மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கிறது, மெதுவாகச் சொல் என்றார்கள். நான் மெதுவாகச் சொன்னால் அவளுக்குக் கேட்காது, சத்தமாகச் சொன்னால் நாற்பது பேருக்கும் கேட்கும். ஒரு மணிக்கு மணி அடித்ததும் தாளை வாங்கிவிட்டார்கள், கட்டுக் கட்டி அனுப்ப வேண்டுமாம். எனக்கு இன்னும் பத்து மார்க் கேள்வி ஒன்று பாக்கி. வெளியே டீக்கடையில் நிற்கும்போது அந்தத் தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணா, மருது பாண்டியர் திருச்சிப் பிரகடனம் 1810 தானே?" நான் சொன்னது 1801.

மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. ஸ்கிரைப் வைத்து எழுதுபவருக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம், அதாவது மூன்று மணி நேரத் தேர்வுக்கு முழுசாக ஒரு மணி நேரம். ஸ்கிரைபை நாமே அழைத்து வரலாம், அல்லது தேர்வு நடத்துபவர்களிடம் கேட்கலாம், அப்படிக் கேட்டால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே அவரைச் சந்தித்துச் சரிப்பட்டு வருவாரா என்று பார்த்துக்கொள்ளலாம். நாமே அழைத்து வந்தால் அவர் படிப்பு நம்மைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடியவரை தரைத்தளத்தில் தேர்வு நடத்தச் சொல்கிறது. எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆனால் தேர்வன்று காலை பத்து மணிக்கு வாசலில் நிற்கிறவரிடம் அந்தத் தாள் இல்லை, என் போனில் இருக்கிறது. போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது.

ஐயா / அம்மா, நான் புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமே போதும். பழைய 1995 சட்டத்தில் 3 சதவீதமாக இருந்த கல்லூரி இட ஒதுக்கீட்டை அது 5 சதவீதம் ஆக்கியது. வயது வரம்பில் ஐந்து ஆண்டு தளர்வு கொடுத்தது. ஒதுக்கீடு வேண்டுமானால் 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும், சரி. அதே அளவுகோலைத் தேர்வு அறையிலும் வைக்க முடியாது என்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. குடிமைப் பணித் தேர்வு எழுத வந்த அவருக்கு எழுதக் கை ஓடாத குறைபாடு, 40 சதவீதக் கணக்குக்குள் வரவில்லை என்று மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஸ்கிரைப் தர மறுத்தது. எழுத முடியாதவருக்கு உதவி தருவதற்குச் சதவீதம் பார்க்கத் தேவையில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். இந்தத் தீர்ப்பு எங்கள் கல்லூரிப் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. கற்றல் குறைபாடு உள்ள ஒரு ஜூனியர் பையன் வாயால் கேட்டால் அத்தனை கேள்விக்கும் பதில் சொல்வான், எழுதச் சொன்னால் பக்கத்துக்கு ஐந்து வரி வருவதற்குள் மணி அடித்துவிடும். அவனுக்கு இப்போது நான்கு அரியர். அவனைச் சோம்பேறி என்கிறார்கள்.

அப்புறம் பாடக் குறிப்புகள். எங்கள் துறை வாட்ஸ்அப் குழுவில் நோட்ஸ் வருகிறது, பாதி பாமினி எழுத்துருவில், மீதி புத்தகப் பக்கத்தைப் போனில் படம் பிடித்துப் போட்ட பிடிஎஃப். பாமினியில் அடித்த "தமிழ்" என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டால் என் திரைவாசிப்பான் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று சொல்லும். பார்க்கிற கண்ணுக்குத்தான் அது தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். படமாக வந்தால் அதுவும் இல்லை, "கிராஃபிக்" என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடும். கணினிக்கும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறையைப் பயன்படுத்த வேண்டும் என்று நம் மாநில அரசு ஆணையிட்டது 2010இல். இதற்குப் பணம் தேவையில்லை, ஆள் தேவையில்லை. எழுத்துருவை மாற்றி அடித்தால் போதும். திரைவாசிப்பானும் இலவசம்தான், பார்வையற்ற ஆஸ்திரேலியர் இரண்டு பேர் தங்களுக்காக எழுதி உலகத்துக்கே கொடுத்தது. பாடத்தை வாசிக்கக் கருவி இருக்கிறது, வாசிக்கிற மாதிரி பாடம் இல்லை.

என் வகுப்புத் தோழி ஒருத்தி சக்கர நாற்காலியில் வருகிறவள். எங்கள் கட்டட வாசலில் மூன்று படி, ஒன்றரை அடி உயரம் இருக்கும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் சாய்தளக் கணக்கு, ஆக அங்கே பதினெட்டு அடிக்குச் சாய்தளம் வேண்டும். இருப்பதை நானே அடி வைத்து அளந்தேன், ஐந்தடிகூட இல்லை. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் அவசரமாகப் பூசியது. குழு வந்து போனதும் அதன் மேல் பூந்தொட்டிகள் ஏறிவிட்டன. தொட்டியை எடுத்தாலும் அவளால் தனியாக ஏற முடியாது, இரண்டு பேர் தள்ள வேண்டும், இறங்கும்போது இரண்டு பேர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். கழிவறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. அதனால் காலை ஏழு மணிக்கு வீட்டில் ஒரு டம்ளர் காபி குடிப்பதோடு சரி, மாலை வீடு திரும்பும்வரை அவள் தண்ணீர் குடிப்பதில்லை. மே மாதத் தேர்விலும் இப்படித்தான். பொதுக் கட்டடங்களைச் சரிசெய்யச் சட்டம் கொடுத்த ஐந்து ஆண்டுக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பரில், சாய்தளம் போன்ற வசதிகளுக்கான தர அளவுகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது, கட்டாய விதியாக வர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. பூந்தொட்டிகள் அங்கேயேதான் இருக்கின்றன.

காது கேளாதவர்களைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது, அவர்களே எழுத வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்ணைச் சென்னைக்கு அனுப்ப அவள் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, இங்கே சேர்ந்தாள், சைகை மொழி தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பில் ஒரு வருடம் வாயசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பிறகு வரவில்லை. தலசீமியா என்ற ரத்தக் குறைபாடு உள்ள இன்னொரு மாணவன் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொள்ளப் போக வேண்டும். அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இல்லை என்று அவனிடம் அபராதம் கட்டச் சொன்னார்கள். தலசீமியா, 2016 சட்டம் சொல்லும் 21 குறைபாடுகளில் ஒன்று என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நல்லவர்களே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருடம் எனக்கு ஒரு பேராசிரியை இருந்தார். ஒவ்வொரு பாடத்தையும் இரவில் தன் குரலில் பதிவு செய்து அனுப்புவார், பின்னணியில் குக்கர் விசில் கேட்கும். நான் இளங்கலையில் முதல் வகுப்பு வாங்கியதற்கு அந்தக் குக்கர் விசிலும் ஒரு காரணம். அவர் பணி ஓய்வு பெற்றார், அதோடு அது நின்றது. எங்கள் படிப்பு யாரோ ஒருவரின் நல்ல மனசை நம்பி இருக்கிறது என்பதுதான் என் மனக்குறை.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான், அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம். அரசுக் கல்லூரிகளில் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வை முதலில் வைக்கிறீர்கள். ஆக, யார் யார் வருகிறோம், என்ன குறைபாடு என்பதெல்லாம் வகுப்பு தொடங்கும் முன்பே உங்கள் கையில் இருக்கிறது. அந்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் கல்லூரியில் ஒருவர் எங்களை உட்கார வைத்து, என்ன வேண்டும் என்று கேட்டு, ஸ்கிரைபா, கூடுதல் நேரமா, தனி அறையா, யூனிகோடு நோட்ஸா, வருகைப் பதிவில் தளர்வா என்று ஒரே தாளில் எழுதி, முதல்வர் கையெழுத்துப் போட்டு, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் துறைக்கும் நகல் அனுப்ப வேண்டும். அது கடைசிச் செமஸ்டர்வரை செல்ல வேண்டும். தேர்வன்று அந்தத் தாளைக் காட்டினால் போதும் என்றிருக்க வேண்டும். குறைபாடு கூடினால், தேவை மாறினால் நாங்களே வந்து மாற்றிக்கொள்கிறோம். 40 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களும் கேட்கலாம் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். உதவி பெறும் கல்லூரிகளையும் சுயநிதிக் கல்லூரிகளையும் விட்டுவிடாதீர்கள்.

அந்த "ஒருவர்" யார் என்று பெயரோடு, போன் நம்பரோடு அறிவிப்புப் பலகையிலும் கல்லூரி இணையதளத்திலும் போடச் சொல்லுங்கள். அரசு நிறுவனங்களில் குறைதீர்ப்பு அலுவலர் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. என்.எஸ்.எஸ்., ஒய்.ஆர்.சி., தேர்வுப் பணி எல்லாம் பார்க்கிற ஒருவர் தலையில் இதையும் சேர்த்துக் கட்டாதீர்கள், வாரத்தில் சில மணி நேரமாவது வகுப்பைக் குறைத்துக் கொடுங்கள். மாவட்டத்துக்கு ஒரு ஸ்கிரைப் பட்டியல், அவர்களுக்கான தொகையையும் பஸ் செலவையும் எங்கள் பையிலிருந்து இல்லாமல் கல்லூரியே தருகிற ஏற்பாடு. சாய்தளமும் கழிவறையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பொறியாளரோடு சக்கர நாற்காலியில் வருகிற ஒரு மாணவரையும் அழைத்துப் போங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நவம்பரில் எங்களுக்கு அடுத்த செமஸ்டர் தேர்வு. அதற்கு முன் எல்லாம் நடக்காது என்று எனக்கும் தெரியும். கூடுதல் நேரத்தையும் தனி அறையையும் பற்றி ஒரு பக்கச் சுற்றறிக்கை, ஒவ்வொரு தேர்வு மையத்தின் வாசலிலும் ஒட்டுகிற மாதிரி, அதுவாவது அக்டோபருக்குள் வந்தால் இந்த முறை பத்து மணிக்கே எழுதத் தொடங்கிவிடுவேன்.

கடைசியாக ஒன்று. இந்த மனுவுக்குப் பதில் அனுப்பும்போது, கையெழுத்திட்ட கடிதத்தை ஸ்கேன் செய்த படமாக மட்டும் அனுப்பிவிடாதீர்கள். யூனிகோடில் அடித்த பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள், இல்லையென்றால் என் கணினி "கிராஃபிக்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முதுகலை வரலாறு மாணவன்