தோட்ட வாசிகசாலைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்திற்குப் பின் நிருவாகசபை மாதந்தவறாமல் கூடியது. ஒழுகிய கூரைத் தகரங்களை மாற்றினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது போயா தினக் (பௌர்ணமி விடுமுறைக்) கலந்துரையாடல்களைப் பற்றி.

அகிம்சை, நாட்டு முன்னேற்றம், கல்வி என இந்திய அரசியலை நடத்திய மூன்று இலட்சியங்களை இவ்வாண்டு எடுத்துக்கொண்டோம். இந்தியாவின் கதை இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் நமக்கு எதற்கு என்று சில அங்கத்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காந்தியடிகள் 1927 நவம்பரில் கண்டிக்கும் பதுளைக்கும் வந்து பேசியிருக்கிறார். 1939 ஜூலையில் நேரு இலங்கை வந்தபோதுதான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. நம் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோன பின் அந்தக் காங்கிரஸ் 1952இல் கையிலெடுத்த வழியும் சத்தியாக்கிரகமே. அந்த இலட்சியங்கள் நம் லயங்களுக்குள், இந்த வரிசை வீடுகளுக்குள், நடந்து வந்தவை.

அகிம்சைக்கென எடுத்த, வட இந்திய ஊரான சௌரி சௌரா பற்றிய கூட்டம்தான் நெடுநேரம் நீடித்தது. 1922 பெப்ரவரியில் அங்கே மக்கள் திரண்டு காவல் நிலையத்துக்குத் தீ வைத்ததில் இருபதுக்கு மேற்பட்ட காவலர்கள் மாண்டார்கள். நாடெங்கும் வேகமெடுத்திருந்த ஒத்துழையாமை இயக்கத்தைக் காந்தி அதோடு நிறுத்தினார். சிறையிலிருந்த நேருவே மனம் நொந்தார். நிறுத்தியது தவறு என்று நம் இளைஞர்கள் அடித்துப் பேசினார்கள். அப்போது ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் எழுந்து 1986ஆம் ஆண்டைச் சொன்னார். குடியுரிமை கேட்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தில் காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் மாரியம்மன் கோயிலில் உட்கார்ந்திருந்தாராம். கல்லெடுக்கக் கை துடித்த மகனைப் பக்கத்திலேயே இருத்தி, அவன் கையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டிருந்தாராம். நாடற்றவர்களாக இருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டே வந்தது. அதற்குப் பின் எதிர்வாதம் எழவில்லை.

நாட்டு முன்னேற்றம் பற்றிய கூட்டத்திற்கு வரவு குறைவு. 1951இல் முதலாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியபோது இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரளவே என்பதைப் பலர் குறித்துக்கொண்டார்கள். 2011இல் அது 74 ஆயிற்று.

கல்விக்கென எடுத்த காமராசர் கூட்டத்திற்கோ பெண்கள் கொழுந்து நிறுவை முடிந்து நேரே வந்தார்கள். இடுப்பில் கட்டிய படங்குத் துணியின் ஈரம் காயவில்லை. கொழுந்துக் கறை படிந்த விரலால் ஓர் அக்கா, வரைபடத்தில் தன் பாட்டனாரின் ஊர் இருக்கும் திருநெல்வேலிப் பக்கத்தைத் தேடித் தொட்டார். சிறுவயதிலேயே பள்ளியை விட்ட காமராசர், 1954இல் முதலமைச்சரானதும் அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டு, மூடிய பள்ளிகளைத் திறந்து, பிள்ளைகளுக்கு மதிய உணவும் கொடுத்த வரலாற்றை அவர்கள் அசையாமல் கேட்டார்கள். இங்கே 1945இல் இலவசக் கல்வி வந்தும் தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருந்தோம். ஒரு தலைமுறையின் எழுத்து அந்த இடைவெளியில் போயிற்று. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

நம் பிள்ளைகள் சாதாரணதரப் பரீட்சைக்குக் கணித ஆசிரியர் இன்றிப் படிப்பது அனைவரும் அறிந்ததே. சம்பந்தப்பட்ட அலுவலகத்தை முற்றுகையிட வேண்டும் என்று தீர்மானம் வந்தது. சௌரி சௌராவைப் பேசிய அதே இளைஞர்கள்தான் அதை மாற்றியெழுதினார்கள். வாரம் ஒருநாள், பெற்றோர் நால்வர் முறைவைத்து, ஒரே மனுவின் பிரதியுடன் வாசலில் உட்கார்வது என முடிவாயிற்று. உட்கார்வோருக்கு ஒருநாள் கூலி போகிறது. அந்த இழப்பைச் சங்க நிதியிலிருந்து ஈடுசெய்யச் சபை அனுமதித்தது. பதினோராவது வாரத்தில் எழுத்தில் பதில் வந்தது. ஆசிரியர் இன்னும் வரவில்லை.

ஆகவே முறைப்பட்டியலைப் புதிய நிருவாகசபையிடம் ஒப்படைக்கிறேன். வரும் செவ்வாய்க்கிழமைக்குத் தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து இருவர் பெயர் தந்திருக்கிறார்கள். மற்ற இரு பெயர்களும் இக்கூட்டம் கலையுமுன் வேண்டும்.

இங்ஙனம்,
செயலாளர்