மோல்மீன் ஜீப்பை வாங்கப்போகும் மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய படங்களை ராத்திரி இரண்டு தடவை பார்த்தேன். அரிசி மில் கொட்டகையில், சாக்கு மூட்டைகளுக்கு நடுவே முகத்தை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன், அதை விடு.

உனக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் நம் பர்மாவில் மிச்சம் இருக்கிற யுத்தகால ஜீப்புகள் கொஞ்சம்தான். அவற்றை வாங்க நினைக்கும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன்.

வாங்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடைசி வரியில், "பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு ஜப்பான் டீசல் இன்ஜின் வைத்துவிடலாமா மாமா?" என்று கேட்டிருக்கிறாயே, அது வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அது என்ன வண்டி என்று பார்ப்போம். முகப்புக் கம்பித் தட்டில், அதாவது கிரில்லில், ஒன்பது பிளவு எண்ணினேன். ஏழு இருந்தால் யுத்தம் முடிந்தபின் செய்தது. ஒன்பது என்றால் யுத்தகாலத்தில் ராணுவத்துக்குச் செய்தது. 1941 முதல் 1945 வரை வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். யுத்தத்தில் இந்தியாவிலிருந்து வடக்கு பர்மாவுக்குள் போட்ட லெடோ ரோடு வழியாக வந்ததும், ஜப்பான்காரரோடு நடந்த மெய்க்டிலா சண்டைக்குப் போனதும் இந்த வகைதான். எந்தக் கம்பெனி செய்தது என்று தெரிய வேண்டுமானால் ரேடியேட்டருக்குக் கீழே டார்ச் அடித்துப் பார். சேஸிஸின், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த வாய்க்கால் மாதிரி மடித்த தகடாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு ஆட்கள் போல்ட் தலையில்கூட தங்கள் பெயரின் முதல் எழுத்தைக் குத்தி வைத்தார்கள். என் வண்டி வில்லிஸ், ஆனால் அதில் அப்படிப்பட்ட போல்ட் ஏழெட்டு இருக்கிறது. எத்தனை கை மாறி, எத்தனை பட்டறை ஏறி இறங்கியிருக்கும்! அவற்றை நான் மாற்றவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே, சேஸிஸைப் பார். மோல்மீன் மழை உனக்கே தெரியும். மாண்டலே, மெய்க்டிலா பக்கம் கிடந்த வண்டியின் இரும்பு வேறு, கடலோர மழையில் கிடந்த இரும்பு வேறு. ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படு. சேஸிஸை முன்னாலிருந்து பின்னால் வரை நாலு விரல் தூரத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போ. நல்ல இரும்பு 'டங்' என்று மணி மாதிரி பதில் சொல்லும். அரித்த இடத்தில் சத்தம் செத்துப்போய் 'டொப்' என்று கேட்கும், துரு செதில் செதிலாக முகத்தில் விழும். கண்ணாடி போட்டுக்கொள்.

தரைத்தகட்டின் அடியில் தொப்பி மாதிரி மடித்த சட்டம் ஒன்று போகும். அதற்குள் பலத்துக்காக மரத்துண்டு வைத்திருப்பார்கள். அந்த மரம் எண்பது வருட மழையைக் குடித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. என் வண்டியில் அதைப் பிரித்தபோது மரம் கையோடு ஈரத் தூளாக வந்தது. தகடு பிஸ்கட் மாதிரி உடைந்தது. மேலே அழகான பச்சைப் பெயின்ட், அதற்குக் கீழே பட்டி, பட்டிக்குக் கீழே ஒன்றுமே இல்லை. விற்றவர் சிரித்துக்கொண்டே பணத்தை எண்ணியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு காந்தம் கொண்டுபோயிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும், பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது.

சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஓனர் புக்கில் (வண்டியின் பதிவுப் புத்தகம்) இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று நீயே உன் கண்ணால் பார். தரகர் வாசித்துக் காட்டுவதை நம்பாதே.

சரி, இன்ஜின். நாலு சிலிண்டர், 2199 சிசி, 60 குதிரைத் திறன். வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில் பிளாக்குக்குள்ளேயே இருக்கும், ஹெட் என்பது மேலே மூடிய ஒரு தட்டு, அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை சாதாரண மனிதன் பிரித்துப் புரிந்துகொள்ளக்கூடிய இன்ஜின் இதைவிட வேறு இல்லை. கம்ப்ரஷன் குறைவு, அதனால் மட்டமான பெட்ரோலையும் பொறுத்துக்கொள்ளும். "டீசல் சிக்கனம் மாமா" என்பாய். வாரத்தில் ஒருநாள் எடுக்கப்போகிற வண்டிக்கு என்ன பெரிய சிக்கனம்?

டீசல் வைத்தால் என்ன ஆகும் என்று நான் பார்த்திருக்கிறேன். கனமான இன்ஜின் உட்கார வேண்டும் என்று சேஸிஸில் இருக்கும் பழைய பிராக்கெட்டை வெட்டுவார்கள். முன் ஸ்பிரிங் அமுங்கும். அந்த மூன்று கியர் பெட்டி இந்த 60 குதிரைக்கே மூச்சு வாங்குகிற பெட்டி. டீசலின் இழுப்பில் பல் உடையும், உடனே கியர்பாக்ஸை மாற்று என்பார்கள். அப்புறம் ஆக்சில். கடைசியில் கிரில்லும் ஓனர் புக்கும் மட்டும்தான் ஜீப். வெட்டிய சேஸிஸைத் திருப்பி ஒட்ட வைக்கும் சயா, அதாவது கைதேர்ந்த மெக்கானிக், இந்த ஊரில் ஒருவர்கூட இல்லை.

உதிரி பாகத்துக்குப் பயப்படாதே. இந்தியாவில் மஹிந்திரா வெகுகாலம் வில்லிஸ் ஜீப்பைச் செய்ததால் அங்கிருந்து பல சாமான்கள் வருகின்றன. எல்லாம் பொருந்தாது, பழையதைக் கையில் வைத்துக்கொண்டு அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மாற்றக்கூடாது என்று நான் அடம்பிடிக்கிறவன் இல்லை. ஆறு வோல்ட் கரண்டை 12 ஆக்குகிறாயா, ஆக்கிக்கொள். சீட் பெல்ட் போட வேண்டுமா, கட்டாயம் போடு. திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற எதையும் செய்யலாம்.

பிரேக்கை மட்டும் தள்ளிப்போடாதே. பெயின்டுக்கு முன்னால், சீட்டுக்கு முன்னால், இன்ஜினுக்கும் முன்னால் பிரேக். இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆயில் வழிதான். எங்காவது ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நாலும் போச்சு. எனக்கு அது ஒரு பாலத்து இறக்கத்தில் நடந்தது. பெடல் மெத்தென்று தரைவரை போனது, மறுபடி மிதித்தேன், ஒன்றுமில்லை. முன்னால் ஒரு சைக்கா (சைக்கிள் ரிக்‌ஷா), அதில் ஒரு அம்மாள் காய்கறிக் கூடையோடு. கியரை இரண்டுக்குத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். இந்த வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, முன், பின் சக்கரங்களுக்கு இழுப்பைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால் சுழலும் டிரம்மைப் பிடிக்கும். அது பிடித்தது. வண்டி சைக்காவுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. அந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் இறங்கி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாளே மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், குழாய் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினேன்.

இன்னொன்று, இது நீ வாங்கியபின் சந்தோஷப்படுவதற்கு. யுத்தம் நடந்தபோது பர்மாவில் ரோட்டின் இடது பக்கம் ஓட்டினார்கள். அமெரிக்க ஜீப்புக்கோ ஸ்டியரிங்கும் இடது பக்கம், ஓட்டுகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. 1970-இல் நாட்டையே வலது பக்கத்துக்கு மாற்றினார்கள். அன்றுமுதல் ஜீப்பின் ஸ்டியரிங் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. ஜப்பானிலிருந்து வந்த செகண்ட் ஹேண்ட் கார்களில் முந்துவதற்குப் பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கேட்க வேண்டியிருக்கிறது, ஜீப்பில் நீயே பார்த்துக்கொள்ளலாம்.

தாத்தாவின் ஜீப்பைப் பற்றி உன் அம்மா சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன். அதன் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு திருகு உண்டு. அதைத் தளர்த்தினால் விளக்கு அப்படியே பின்னால் திரும்பி இன்ஜின்மேல் வெளிச்சம் அடிக்கும், ராத்திரியில் ரிப்பேர் பார்க்க வசதியாக. தட்டோன் ரோட்டில் வண்டி நின்ற ஒரு ராத்திரி, அந்த வெளிச்சத்தில் அப்பா கார்புரேட்டரைப் பிரித்தார். சின்னச் சின்னத் திருகுகளை என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்து, "மூடாதே, விரித்தே வை" என்றார். எனக்கு அப்போது ஏழு வயது. பூச்சிகள் கையில் உட்கார்ந்தும் அசையாமல் நின்றேன்.

2011-இல், பழைய வண்டியை ஒப்படைத்தால் வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்கு அனுமதி என்று திட்டம் வந்தது. 40 வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகள்தான் முதலில். அப்பாவை நான்தான் சம்மதிக்க வைத்தேன். "ஏ.சி. கார் வரும் அப்பா, உங்கள் முதுகுவலிக்கு நல்லது" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டியைக் கொண்டுபோகிற அன்று காலையில் பின் சீட்டுக்கு அடியில் கைவிட்டு, சுற்றி ஸ்டார்ட் பண்ணும் இரும்புக் கைப்பிடியை மட்டும் எடுத்து வேட்டியில் துடைத்து வீட்டுக்குள் கொண்டுபோனார். கார் வந்தது. அவர் அதில் ஏறியது எத்தனை தடவை என்று எண்ணிச் சொல்லிவிடலாம். அவர் போனபின்தான் நான் எனக்கென்று ஒரு ஜீப்பைத் தேட ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறுகிறேன். சுத்தியலும் காந்தமும் கொண்டுவருகிறேன். நான் வரும்வரை முன்பணம் கொடுக்காதே. முக்கியமாக, பேட்டரி வைத்து யாரும் ஸ்டார்ட் போட்டுப் பார்க்க விடாதே. பல வருடம் அசையாத இன்ஜினில் பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கும், மோட்டாரை வைத்துச் சுற்றினால் உடைந்துவிடும். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு அப்படியே வை. இரண்டு நாள் ஊறட்டும். சனிக்கிழமை காலையில் நாம் இரண்டு பேரும் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்போம். தாத்தாவின் கைப்பிடி என்னிடம்தான் இருக்கிறது, எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
மாமா
ரங்கூன்